கண்ணாடி வீட்டு மண்

அந்த வருஷம் செர்னி முனைக்குக் கரிக்கப்பல் ஒன்றுதான் வந்தது. ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, கடல் இறுகுவதற்கு முன்னால் செப்டம்பரில் ஒன்று என்று மூன்று வருவது வழக்கம். மாஸ்கோ தெருக்களில் டாங்கிகள் நிற்கின்றன என்று வானொலி சொன்ன அதே வாரத்தில், வயிறு பாதி காலியாக ஒரு கப்பல் வந்தது. கரியைக் கொட்டியது. விடைபெறும் ஊதலைக்கூட ஊதாமல் மூடுபனிக்குள் போய்விட்டது. அதற்குப் பின் நாங்கள் எத்தனை முறை கரையில் போய் நின்றாலும் மூடுபனிதான் வந்தது.

சவேலி தினமும் வெளிச்சம் வந்ததும் கரிமேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஊர் முழுக்க வெந்நீர்க் குழாயில் சூடு அனுப்பும் பாய்லர் கூடத்துக்கு அவர்தான் மூத்த ஆள். உக்ரைனில் போல்தாவா பக்கத்துக் கிராமத்துக்காரர். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இந்த வடக்குக் கோடிக்கு வந்து, பத்தொன்பது வருஷமாக அந்த மூன்று வருஷத்தை முடித்துக்கொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சினைமாட்டை விலை பேச வந்தவர் போல மேட்டை மேலும் கீழும் பார்ப்பார். யாராவது கேட்டால், "இருக்கு, இருக்கு" என்பார். எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

நான் அப்போது தபால் நிலையத்தில் தந்தி அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே மரவீட்டில் எனக்கும் சவேலி குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே அவர் தும்மினால் இங்கே நான் "நூறு ஆயுசு" என்பேன்.

அவர் மனைவி பெயர் நினேல். எங்கள் எழுத்தில் லெனின் பெயரைக் கடைசியிலிருந்து படித்தால் நினேல் வரும். அவள் பிறந்த காலத்தில் அப்படிப் பெயர் வைப்பது ஒரு பெருமை. "எங்கப்பா என்னைத் தலைகீழா பெத்துட்டாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் சுவர் வழியாகக்கூடக் கேட்டதில்லை.

நினேல் அக்காவின் உலகம் கண்ணாடி வீடு. பாய்லர் கூடத்துக்குப் பின்னால், பனிச்சரிவுக்கு நடுவில், எண்பது அடி நீளத்துக்கு இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாகக் கட்டியது. சுவர் ஓரமாக வெந்நீர்க் குழாய் ஓடும். மேலே வரிசையாக விளக்குகள். டிசம்பரில் எங்கள் ஊரில் சூரியன் பதினோரு மணிக்கு எழுந்து இரண்டு மணிக்குப் படுத்துவிடும். அந்த நீல இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ பனிக்குள் ஒரு மஞ்சள் துணியைக் காயப்போட்டிருப்பது போல அது அசையும். உள்ளே போனால் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். தக்காளி இலை வாசம் தொண்டை வரை இறங்கும். வெள்ளரிக் கொடிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரை வரை போகும்.

அங்கே தேனீ கிடையாது. ஒரு குச்சி நுனியில் முயல்வாலைக் கட்டிவைத்துக்கொண்டு, பூவுக்குப் பூ தொட்டுத் தொட்டு நினேல் அக்காவே தேனீ வேலை பார்ப்பாள். கூட ஒத்தாசைக்கு ஒம்ரினா இருந்தாள். அந்தக் கரையின் பூர்வகுடியான சுக்சிப் பெண். அவள் புருஷன் கடல்வேட்டைக்காரன். அவளுக்கு வெள்ளரிக்காய் பிடிக்காது. "தண்ணியைத் தோல் போட்டு வச்சிருக்கீங்க" என்பாள். ஆனாலும் பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வந்தாள்.

எல்லாவற்றையும்விட அந்த மண்தான் அதிசயம். எங்கள் ஊரில் மண்ணே இல்லை. பாசி, பாறை, அதற்குக் கீழே எந்தக் காலத்திலும் இளகாத உறைநிலம். நினேல் அக்கா மண்ணை உண்டாக்கினாள். கப்பலில் வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு மூட்டை கேட்பாள். கலைமான் சாணி, மீன் கழிவு, பள்ளிக்கூடச் சமையலறையின் உருளைக்கிழங்குத் தோல், இறந்துபோன நில அளவையாளர் விட்டுப்போன பழைய செய்தித்தாள்கள் எல்லாம் அதற்குள் போயின. பதினான்கு வருஷம். கையில் அள்ளினால் வெதுவெதுப்பாக, கறுப்பாக, கோதுமை ரொட்டியின் உள்பக்கம் போல உதிரும்.

இலையுதிர்காலம் முழுக்க நான் கரி கேட்டுத் தந்தி அடித்தேன். ஊர்மன்றத் தலைவர் புர்லாகோவ் எழுதிக் கொடுப்பார். "உடனே அனுப்பவும்." அப்புறம், "மிக உடனே அனுப்பவும்." பதில்கள் வந்தன. ஒவ்வொரு பதிலிலும் அலுவலகத்தின் பெயர் வேறாக இருந்தது. அமைச்சகம் என்று இருந்தது ஆணையம் ஆனது, ஆணையம் கலைப்புக் குழு ஆனது. நவம்பர் கடைசியில் பதில் வருவதும் நின்றது. கடையில் கடற்பாசி டப்பாவும் பெரிய ஜாடிகளில் பிர்ச் மரத்துச் சாறும் மட்டும் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரி அவற்றைத் தினமும் இடம் மாற்றி வைப்பாள், புதுச் சரக்கு வந்தது போல இருக்கட்டும் என்று.

டிசம்பர் இருபத்தாறு காலை வானொலியில் அதைச் சொன்னார்கள். மாஸ்கோ எங்களுக்கு ஒன்பது மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்களுடைய நேற்றைய சாயங்காலம் சிவப்புக் கொடியை இறக்கிவிட்டார்கள், சோவியத் ஒன்றியம் இனி இல்லை. நான் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டினேன். அதே செய்தியை மறுபடி சொன்னார்கள். பிறகு பியானோ வாசித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருத்தர் நாய்க்குக் கருவாடு போட்டுக்கொண்டிருந்தார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். எல்லோரும் போனார்கள். வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று பதினோரு மணிக்கு மன்றக் கூட்டம். புர்லாகோவ் மேசைமேல் இருந்த மணியை எடுத்தார், அடிக்காமல் வைத்தார்.

"நாடு இல்லேங்கறாங்க. அது பெரிய விஷயம், நமக்கு அப்பாற்பட்டது. நம்ம விஷயம் கரி. சவேலி கணக்குப் போட்டுக் குடுத்திருக்காரு. இப்படியே எரிச்சா பிப்ரவரி நடுவுல மேடு காலி. கிளப், குளியல் கூடம், கண்ணாடி வீடு மூணையும் நிறுத்தினா ஏப்ரல் வரைக்கும் வரும். ஏப்ரல்ல சாக மாட்டோம். பிப்ரவரில செத்துடுவோம். கை தூக்குங்க."

கைகள் மெதுவாக உயர்ந்தன. சவேலியின் கை உயர்ந்தது. நினேல் அக்கா அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை, மணிக்கட்டில் கரி ஏறிய அந்த நீல நரம்பை, யாருடையது என்று தெரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு தன் கையையும் தூக்கினாள்.

திரும்பும்போது வெந்நீர்க் குழாய்களை மூடியிருக்கும் மரப்பெட்டிமேல் வரிசையாக நடந்தோம். பனிக்காலத்தில் எங்களுக்கு அதுதான் நடைபாதை. முன்னால் அவள், நடுவில் அவர், பின்னால் நான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எது?"

"நடிக்காதய்யா. பிப்ரவரி."

"செப்டம்பர்லயே."

"செப்டம்பர்லயே!" அவள் நின்றாள். நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. "அக்டோபர்ல நான் புது விதை போட்டேன். நீதானே கயிறு கட்டிக் குடுத்தே? ஏணியைப் புடிச்சுக்கிட்டு நின்னியே, 'நல்லா இறுக்கிக் கட்டு புள்ள'ன்னு சொன்னியே?"

"கப்பல் வரும்னு நெனச்சேன்."

"பொய்."

"சரி, பொய். நீ விதை போட்டப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன். சொல்ல வரல."

"ஊருக்கே சொல்ல வந்துச்சு. எனக்குச் சொல்ல வரல." அவள் திரும்பி நடந்தாள். "இத்தனை வருஷம் ஒரே போர்வைக்குள்ள படுத்திருக்கோம். புர்லாகோவ் வாயிலேர்ந்து நான் கேக்கணுமா?"

அரை மணி நேரத்தில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கதவைத் தட்டினாள். "லீதா, உன் சோபா நீளமா?"

"கால் வெளியே நீட்டும், அக்கா."

"நீட்டட்டும்."

மறுநாள் மதியம் சவேலி ஒரு குண்டான் பீட்ரூட் சூப்போடு வந்து நின்றார். வாசலைத் தாண்டவில்லை. தொப்பியில் உறைபனி.

"லீதா, உங்க அக்காகிட்ட சொல்லு, சூப்பு சூடா இருக்குன்னு."

"அக்கா, சூப்பு சூடா இருக்காம்."

"அந்த ஆளுகிட்ட கேளு, எல்லாத்தையும் நிறுத்திட்டானே, சூப்பை எதுல சுட வச்சான்னு."

"கரண்டு அடுப்புலன்னு சொல்லு. பூண்டு போட்டிருக்கேன்னும் சொல்லு."

"என் பூண்டா?"

"வேற எங்க இருக்கு பூண்டு, இந்த அரைக்கோளத்துல?" என்றார் சவேலி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து வந்து குண்டானை வாங்கிக்கொண்டாள். விரல் படாமல் வாங்கினாள்.

"என்னிக்கு மூடணும்?"

"முப்பதாந் தேதின்னு சொல்லியிருக்காங்க. மதியம்."

"மூணு நாள்."

"மூணு நாள்" என்றார் அவர். போகாமல் நின்றார். பிறகு போனார்.

அந்த மூன்று நாளும் நானும் வேலை முடிந்ததும் கண்ணாடி வீட்டுக்குப் போனேன். பழுத்தது, பழுக்காதது, விரல் அளவு பிஞ்சு எல்லாவற்றையும் பறித்தோம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூடை, ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை. மீதியை உப்பும் சோம்புக்கீரைத் தண்டும் போட்டு ஜாடிகளில் அடைத்தோம். நினேல் அக்கா இடையிடையே பழக்க தோஷத்தில் முயல்வால் குச்சியை எடுத்து, ஒரு பூவைத் தொடப் போய், நிறுத்திக்கொள்வாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒம்ரினா மண்ணில் உட்கார்ந்து கையை முழங்கை வரை உள்ளே புதைத்துக்கொண்டாள்.

"செடி போனா போவுது. விதை இருக்கு. இந்த மண்ணு உறைஞ்சா என்னாகும்?"

"செத்துடும்" என்றாள் நினேல் அக்கா. "உள்ள புழு இருக்கு, கண்ணுக்குத் தெரியாத என்னென்னமோ இருக்கு. எல்லாம் போயிடும். அப்புறம் இது வெறும் அழுக்கு."

"உங்க கரி தீந்தா நாங்க கடல்நாய்க் கொழுப்பை எரிச்சுக்குவோம். இதுக்குக் கொழுப்பு ஊத்த முடியாதே."

"முடியாது."

"உன் வீடு உறையாதுல்ல? ஏப்ரல் வரைக்கும்?"

நினேல் அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அந்த எண்பது அடி நீளக் கறுப்பு மண்ணைப் பார்த்தாள். வெளியே காற்று கண்ணாடியில் பனித்துகளை விசிறிக்கொண்டிருந்தது, யாரோ அரிசி புடைப்பது போல.

"எத்தனை வாளி இருக்கும் இந்த ஊர்ல?" என்றாள்.

முப்பதாம் தேதி பத்து மணியிலிருந்தே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தபால் நிலைய ஜன்னலில் நான் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: வீட்டுக்கு ஒரு வாளி, வாளியை வீட்டிலேயே சூடாக்கிக் கொண்டுவரவும். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஊர் முழுக்க வந்துவிட்டது. வாளி, அண்டா, குழந்தை குளிக்கும் தொட்டி, இராணுவத் தகரப்பெட்டி. எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றிச் சறுக்குவண்டிகளில் வைத்து இழுத்து வந்தார்கள்.

ஆனால் உள்ளே வந்தவர்கள் உடனே அள்ளவில்லை. கதவைத் தாண்டியதும் கோட்டைக் கழற்றினார்கள். அப்புறம் ஸ்வெட்டரை. பிறகு செடிகளுக்கு நடுவில், மண்வரம்பில், தலைகீழாகக் கவிழ்த்த வாளிகளின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். மீன்பதனிடும் கூடத்துப் பெண்கள் பூட்ஸைக் கழற்றி வெறுங்காலை மண்ணில் வைத்தார்கள். கடைக்காரி வியர்த்தாள், துடைக்கவில்லை. கணக்கு வாத்தியார் மேல்சட்டை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளரி இலை நெற்றியில் உரச உட்கார்ந்திருந்தார். யாரும் உரக்கப் பேசவில்லை. பதினொன்றரைக்குச் சூரியன் பனிமேட்டின் விளிம்பில் தலையை வைத்தது. அத்தனை கண்ணாடியும் ஒரே நேரத்தில் சிவந்தது. எல்லார் முகமும், எல்லார் தோளும் அந்த நிறத்தில் இருந்தன. எங்களில் யாருமே சாகப் போவதில்லை என்பது போல இருந்தது.

"புர்லாகோவ், சட்டையைக் கழட்டுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"நான் தலைவர்."

"எந்த நாட்டுக்கு?"

புர்லாகோவ்தான் முதலில் சிரித்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பனியனில் அவரைப் பார்த்தது அன்றுதான்.

ஒரு மணிக்கு அள்ளத் தொடங்கினோம். நினேல் அக்கா ஒவ்வொரு வாளியாகத் தானே நிரப்பினாள். "அமுக்காதே. மூச்சு விடட்டும். குழாய்ப் பக்கத்துல வை, ஒட்டி வைக்காதே. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி" என்று ஆளாளுக்குச் சொல்லி, ஒரு மடிப்புக் காகிதத்தில் வெங்காய விதையோ கீரை விதையோ கொடுத்தாள். வெளியே குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. சறுக்குவண்டிகளில் போன மண்ணிலிருந்து கம்பளி இடுக்கு வழியாக ஆவி எழும்பிக்கொண்டே போனது. நீலப் பனியில், ஐம்பது அறுபது வாளிகள், புகைந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, வீடுகளைத் தேடிப் போயின. கண்ணுக்குத் தெரியும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் நடந்ததா என்று பிற்பாடு பலமுறை எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது. ஒம்ரினாவைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வேன்.

எல்லாம் போனபின் சவேலி உள்ளே வந்தார். கையில் வால்வு திருகும் நீண்ட சாவி. வேரோடு கிடந்த கொடிகளைத் தாண்டித் தாண்டி, எதையும் மிதிக்காமல் வந்தார். குழாய்முனையில் சாவியைப் பொருத்தினார். திருகவில்லை.

"தள்ளு" என்றாள் நினேல் அக்கா.

"என் வேலை இது."

"தெரியும். தள்ளுங்கறேன்."

"ஏன்?"

"நாளைக்கு நீ ரொட்டி நறுக்குவே. நான் உன் கையைப் பாப்பேன். நாளான்னைக்கும் பாப்பேன். மூடின கை அதுன்னு என் மனசு சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு வேண்டாம் அது." அவர் கையிலிருந்து சாவியை வாங்கினாள். "என் கையா இருந்தா நான் பாக்காம இருந்துக்குவேன்."

நான்கு சுற்று. கடைசிச் சுற்று இறுகியது, அவளால் முடியவில்லை. அவர் அவள் கைமேல் கை வைத்தார். குழாய் இரண்டு முறை முனகி ஓய்ந்தது. அன்று அவள் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் ஒருவர் அழும் சத்தம் கேட்டது. சவேலி.

ஜனவரியில் பாய்லர் கூடத்து ஆட்களில் இரண்டு பேர் விமானம் கிடைத்ததும் கிளம்பிவிட்டார்கள். நினேல் அக்கா கணவர் பக்கத்தில் நின்று கரி அள்ளினாள். இமைமயிரெல்லாம் கரியாக, இருவரும் ஒரே மாதிரித் தெரிந்தார்கள். மார்ச்சில் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னலோரம் நான்கு விரல் உயரத்துக்குப் பச்சை நின்றது. கடற்பாசி டப்பா மேல் வெங்காயத் தாளைக் கிள்ளிப் போட்டுச் சாப்பிட்டோம். கரி ஏப்ரல் ஒன்பதாம் தேதி தீர்ந்தது. கிளப்பின் நாற்காலிகளும் கதவுகளும் இன்னும் ஆறு நாள் தாங்கின. அதற்குள் கூரைகளில் சொட்டத் தொடங்கியிருந்தது. யாரும் சாகவில்லை.

ஜூனில் ஒரு கடிதம் வந்தது. போல்தாவாவில் சவேலியின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள், பார்க்க ஆள் இல்லை. சவேலி போக முடியாது. ஜூலையில் ஒரு கப்பல் கரியோடு வருகிறது என்று கடைசியாக உறுதியான தந்தி வந்திருந்தது. இறக்கி அடுக்க, பாய்லரைப் பழுது பார்க்க, இங்கேயே இருக்கப் போகிற நாற்பது வீட்டுக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

"நான் போறேன்" என்றாள் நினேல் அக்கா.

"எங்கம்மாவுக்கு உன்னைப் புடிக்காதே."

"உங்கம்மாவுக்கு யாரைத்தான் புடிச்சுது? படுத்துக்கிட்டுத் திட்டட்டும். நான் நின்னுக்கிட்டுக் கேக்கறேன்."

"அது இப்ப வேற நாடாம், புள்ள. பாஸ்போர்ட்டு கேப்பாங்களாம்."

"இருபது வருஷமா உன்கூட இருந்ததுக்குப் பாஸ்போர்ட்டு கேட்டாங்களா?"

விமானம் இறங்கும் மேட்டில் அவளை ஏற்றிவிட்டோம். ஒம்ரினா உலர்ந்த சால்மன் மீன் ஒரு கட்டு கொடுத்தாள். சவேலி பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு இறக்கையடியில் நின்று கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படியாக, உக்ரைன்காரர் ரஷ்யாவில் இருந்தார். ரஷ்யாக்காரி உக்ரைனில் மாமியாருக்கு மலம் எடுத்துப்போட்டாள். ஏழு வாரம் ஒரு சேதியும் இல்லை. சவேலி தினமும் வேலை முடிந்து தபால் நிலையத்துக்கு வந்து, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், போய்விடுவார்.

ஆகஸ்ட் கடைசியில் மூடுபனி ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், தந்திக் கருவி தட்டத் தொடங்கியது. போல்தாவா. எழுத்து அச்சாகி வந்த காகித நாடாவை நான் கிழித்து ஒட்டுவதற்குள் அவரே வந்துவிட்டார், கரித் தூசியோடு. படித்துக் காட்டச் சொன்னார். கண்ணாடியை மறந்துவிட்டாராம்.

"அம்மா உட்கார்கிறாள். என்னைத் திட்டுகிறாள். இங்கே மண் தோண்டத் தோண்டக் கறுப்பு, அடியே தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. வா."

அவர் நாடாவை வாங்கி மடித்து மேல்பைக்குள் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"பதில் அடிக்கணும்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"இன்னும் முப்பது டன் கெடக்கு அடுக்கறதுக்கு. அப்புறம் ரெண்டாவது பாய்லருக்குக் குழாய் மாத்தணும். அக்டோபர் விமானத்துல வரேன்னு போடு." சொல்லிவிட்டு யோசித்தார். "அம்மாவை எதுத்துப் பேச வேண்டாம்னு போடு. வேண்டாம், அதை எடுத்துடு. பேசட்டும்."

நான் படிவத்தை இழுத்துக்கொண்டேன். மேலே முதல் வரியில் இரண்டு கட்டம் இருந்தது. உள்நாடு, வெளிநாடு. அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது, உக்ரைனுக்குப் போகிற தந்திகள் இனி வெளிநாட்டில் சேரும் என்று. அது மேசையில் என் தேநீர்க் கோப்பைக்குக் கீழே கிடந்தது. சவேலி மேசையைப் பிடித்துக்கொண்டு, பேனாமுனையைப் பார்த்தபடி நின்றார்.

"எதுல போடப் போறே, லீதா?"

நான் முதல் கட்டத்தில் குறி போட்டேன், கருவியின் விசைகளைத் தட்டத் தொடங்கினேன். தந்தி போய்ச் சேர்ந்தது.